எழுத்து போடும்போதே காதல் தெரிய வேண்டும்

"எழுத்து போடுவதற்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும்" என்பார்கள் பழைய ரசிகர்கள். படத்தின் பெயரும் நடிகர்கள் பெயர்களும் திரையில் வரும் நேரம்தான் அது. காதல் படத்துக்கு அந்த ஒன்றரை நிமிடம் மிக முக்கியம். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ குறும்படம், டெலிமூவி எடுப்பவர்கள் அதைக் கடைசி நாள் வேலையாகத் தள்ளிவைப்பதுதான் முதல் தவறு.

அடுத்தது, பொதுவான காதலைக் காட்டுவது. ரோஜா, இதயம், டிரோனில் இரட்டைக் கோபுரம். இவை எந்தப் படத்துக்கும் பொருந்தும், அதனாலேயே உங்கள் படத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. பிரிந்திருக்கும் இருவரின் கதையா? பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்குப் போகும் ஃபெரியின் கம்பியோரம் கேமராவை வையுங்கள். நாயகி பெயர் இடது ஓரம், நாயகன் பெயர் வலது ஓரம், நடுவில் வெறும் தண்ணீர். கரை நெருங்கும்போது அந்த இடைவெளியில் படத்தின் பெயர் வரட்டும். வசனமே இல்லாமல் கதையின் ஏக்கம் புரிந்துவிடும். ஆனால் கதை 2010-இல் நடந்தால், 2023-இல் ஓடத் தொடங்கிய புதிய ஃபெரி சட்டகத்துக்குள் வரக்கூடாது. காலம் பொய்யானால் உணர்வும் பொய்யாகிவிடும்.

தமிழ் எழுத்தில் நடக்கும் கொலைதான் மனதை அதிகம் வருத்துகிறது. தட்டச்சு செய்வதுபோல் ஒவ்வொன்றாக வரவழைக்கும் அசைவை 'காதல்' என்ற சொல்லுக்குக் கொடுத்துப் பாருங்கள். கடைசிப் புள்ளி விழும்வரை திரையில் நிற்பது 'காதல'. 'பெண்' இன்னும் மோசம்: முதலில் 'ப' வரும், பிறகு கொம்பு முன்னால் புகுந்து அதைத் தள்ளும். அழகுக்காக எழுத்து இடைவெளியைக் கூட்டினால் 'கொ' மூன்று துண்டாகச் சிதறும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ், பிரீமியர் போன்ற எடிட்டிங் மென்பொருளில், எழுத்துகளைச் சேர்த்துக் காட்டும் எழுத்து எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வழி இருந்தால், முதலில் அதைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றுங்கள். பிறகு முழுச் சொல்லையும் ஒன்றாக மெல்லத் தோன்றச் செய்யுங்கள், அல்லது இடமிருந்து வலமாகத் திரை விலகுவதுபோல் காட்டுங்கள். இடைவெளியைத் தொடவே வேண்டாம்.

நேரக் கணக்கு: எழுதியதை வாய்விட்டு இரண்டு முறை படிக்க ஆகும் நேரம் அது திரையில் நிற்க வேண்டும். படத்தின் பெயருக்கு 4 விநாடி, அதாவது நொடிக்கு 24 பிரேமில் 96 பிரேம். கீழே மலாய் மொழியிலும் பெயர் போட்டால் கண் இரண்டு இடம் போகும், இன்னொரு விநாடி கொடுங்கள். தோன்றவும் மறையவும் ஆகும் நேரம் இதில் சேராது.

இருண்ட பின்னணியில் சிவப்பு எழுத்து வேண்டாம். வீடியோவைச் சுருக்கும்போது நிறத்தின் நுணுக்கம்தான் முதலில் குறைகிறது, விளிம்பு பிசிறடிக்கும். பால்வெள்ளை போதும்.

இசையில், படத்தின் முக்கியமான பாட்டுப் பல்லவியை இங்கேயே ஒலிக்கவிட்டுவிடுகிறார்கள். பிறகு காதலைச் சொல்லும் காட்சியில் அது வரும்போது பழகிய மெட்டாகிவிடுகிறது. மெட்டின் முதல் நான்கு சுரங்களை மட்டும் ஒரு புல்லாங்குழலில் வாசித்து, முடிக்காமல் நிறுத்துங்கள். மீதியைப் பார்ப்பவர் காது தானே தேடும்.