த்ரெஷோல்டை நகரவிட்டதும் சென்சிங் சரியானது

ஒரு ரேடியோ சேனலில் யாராவது சிக்னல் அனுப்புகிறார்களா என்று பார்ப்பதுதான் சென்சிங். அதற்காக ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளில் (கணினியில் செருகும் யுஎஸ்பி ரேடியோ ரிசீவர்) எனர்ஜி டிடெக்டர் எழுதி ஓடவிட்டேன்; சேனலின் ஆற்றல் த்ரெஷோல்டை, அதாவது ஒரு வரம்பைத் தாண்டினால் ஆள் இருப்பதாகச் சொல்லும் நிரல் அது. ஆன்டெனாவைக் கழற்றி டெர்மினேட்டர் (ஆன்டெனாவின் இடத்தில் மாட்டும் மின்தடை) மாட்டிய பிறகும் சேனலில் ஆள் இருப்பதாகவே சொல்லிக்கொண்டிருந்தது. சாம்பிளைக் கூட்டிச் சராசரி எடுத்தும் தீரவில்லை.

தந்த்ரா, சஹாய் இருவரும் 2008இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை காரணத்தைத் தெளிவாகக் காட்டியது. நாய்ஸ் (இரைச்சல்) மட்டம் இரு பக்கமும் 1 டெசிபல் நகரலாம் என்றால், எஸ்என்ஆர் (நாய்ஸோடு ஒப்பிட்டால் சிக்னலின் பலம்) சுமார் −3.3 டெசிபலுக்குக் கீழே போனதும் எனர்ஜி டிடெக்டரால் எவ்வளவு நேரம் கேட்டாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆக, கவனிக்க வேண்டியது நாய்ஸ் மட்டத்தைத்தான்.

முதலில் ஏஜிசியை (கெயினைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) நிறுத்தி, கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவைக் கையால் நிலைநிறுத்தினேன். ரிசீவரே உண்டாக்கி, ட்யூன் செய்த இடத்தின் நடுவில் நிற்கும் டிசி ஸ்பைக் என்ற பொய் முனை சிக்னலாகக் கணக்கில் ஏறாதபடி ட்யூனிங்கைச் சில நூறு கிலோஹெர்ட்ஸ் தள்ளி வைத்தேன். பெரிய பலன் கொடுத்தது அடுத்த மாற்றம்: நிலையான த்ரெஷோல்டுக்குப் பதில், ஒவ்வொரு முறையும் 1024 எஃப்எஃப்டி பின்களின் (சிக்னலை அதிர்வெண் வாரியாகப் பிரித்த துண்டுகள்) மீடியனை, அதாவது நடு மதிப்பை, நாய்ஸாக எடுத்து, அதற்கு மேல் த்ரெஷோல்டை வைத்தேன். ஒற்றை எஃப்எஃப்டியில் நாய்ஸின் மீடியன் அதன் சராசரியில் 0.69 பங்குதான் வரும்; அதைச் சரிக்கட்டாமல் விட்டால் பொய் அலாரம் மீண்டும் தலைதூக்கும். டாங்கிள் சூடேறினாலும் இப்போது த்ரெஷோல்டு கூடவே நகர்கிறது.

ஆனால் இது வயர்லெஸ் மைக் போன்ற குறுகிய சிக்னலுக்கே பொருந்தும். 8 மெகாஹெர்ட்ஸ் அகல டிஜிட்டல் டிவி சிக்னல், டாங்கிள் பார்க்கும் 2.4 மெகாஹெர்ட்ஸை முழுக்க நிரப்பிவிடும். மீடியனும் கூடவே ஏறிவிடும். அங்கே ஓஎஃப்டிஎம்மின் (பல துணை அலைகளில் தரவைப் பிரித்து அனுப்பும் முறை) சைக்ளிக் ப்ரிஃபிக்ஸை, அதாவது ஒவ்வொரு சிம்பலின் முன்னாலும் ஒட்டியிருக்கும் அதன் வால் பகுதியின் நகலைத் தேடும் ஆட்டோகோரிலேஷன்தான் (சிக்னலை அதன் தள்ளிவைத்த நகலோடு ஒப்பிடுவது) கைகொடுக்கிறது.