மகளை முழு உருவமாக வரைய: தலையும் காலும் சரியாக வரும் வழி

பாப்பாவுக்கு ஆறு வயது. பாவாடை சட்டையில் அவள் நிற்பதை எண்ணெய் வண்ணத்தில் தலை முதல் பாதம் வரை வரைந்தேன். முதல் கேன்வாஸில் முகம் அவளேதான், உடம்பு பதினான்கு வயதுப் பெண்ணுடையது. இரண்டாவதில் தலை பெருத்துக் கால் சிறுத்தது. மூன்றாவதுதான் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

1. 24க்கு 36 அங்குலக் கேன்வாஸ். பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்து மெல்லிசாகப் பூசிக் காயவிடுங்கள்.

2. தலையை அளவுகோலாக வையுங்கள். பெரியவர்கள் ஏழு, ஏழரைத் தலை உயரம். ஆறு வயதுப் பிள்ளை ஐந்தரை, மிஞ்சினால் ஆறு. தலைக்கு 5 அங்குலம் கொடுத்தால் உருவம் 27½ அங்குலம். உயரத்தின் நடுப்புள்ளி தொப்புளுக்குச் சற்றுக் கீழே விழும். இதையெல்லாம் கரித்துண்டால் குறியுங்கள். பென்சில் வேண்டாம்; கரி என்றால் துணியால் தட்டினாலே போய்விடும், திருத்தத் தயக்கம் வராது.

3. நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். நின்றுகொண்டு பிள்ளையைப் பார்த்தால் அவள் உச்சந்தலை நமக்குப் பக்கம், பாதம் தூரம். கண் பார்ப்பதைத்தான் கை போடும். அதனால் பத்து, பன்னிரண்டு அடி தள்ளி, தாழ்வான முக்காலியில் உட்காருங்கள். உங்கள் கண் அவள் நெஞ்சு மட்டத்துக்கு வர வேண்டும். இடம் மாறியதுமே பாதம் தரையில் ஊன்றி நின்றது.

4. “அசையாமல் நில்” என்றால் முகம் இறுகிவிடும். பார்க்க ஏதாவது கொடுங்கள். ராஜா ரவிவர்மா 1893இல் வரைந்த ‘அதோ அப்பா வருகிறார்’ ஓவியத்தில், அவர் மகள் மகாபிரபா இடுப்பில் குழந்தையோடு, படத்துக்கு வெளியிலிருந்து வரும் அதன் தகப்பனைக் காட்டுகிறாள். அந்தப் பார்வையில்தான் உயிர். நான் ஜன்னலில் அணிலுக்குப் பொரி வைத்தேன். பத்து நிமிடம் நிற்பாள், பிறகு விளையாட விட்டுவிடுவேன்.

5. வண்ணம்: முதலில் நிழல்கள், பிறகு வெளிச்சம். முகத்தைக் கடைசிவரை தொடாதீர்கள். அகலமான பன்றிமயிர்த் தூரிகையே போதும். மெல்லிய தூரிகை கையில் இருந்தால் மனம் கண்ணிமைக்கே ஓடும்.

பிற்சேர்க்கை: போட்டோவைப் பார்த்து வரைந்தவர்கள் இருவர், தலை இன்னும் பெரிதாகவே வருகிறது என்று எழுதியிருந்தார்கள். போனைப் பக்கத்தில் வைத்து எடுத்தால் அப்படித்தான் ஆகும். பத்தடி தள்ளி, போனை அவள் இடுப்பு உயரத்தில் பிடித்து, இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள்.