இன்ஜின் கெட்ட பழைய காரை நல்ல விலைக்கு விற்பது எப்படி?

"இன்ஜின் போச்சு சார், காயலான்கடை விலைதான் வரும்." எங்கள் பன்னிரண்டு வருடக் காரைப் பார்க்க வந்த புரோக்கர், பானட்டைக்கூடத் திறக்காமல் 35,000 ரூபாய் என்றார். மூன்று வாரம் கழித்து அதே கார் 78,000-க்குப் போனது. இடையில் இன்ஜினைப் பழுது பார்க்கவே இல்லை.

1. நோய் என்னவென்று கண்டுபிடியுங்கள்

என்ன கோளாறு என்று தெரியாத காருக்கு, வாங்குபவர் இருப்பதிலேயே பெரிய செலவைத்தான் கணக்கில் கழிப்பார். பிளக்குக்குக் கரன்ட் தரும் இக்னிஷன் காயில் ஒன்று போனாலும் வண்டி உதறும், பிக்கப் இருக்காது. அதையே "இன்ஜின் வேலை" என்று சொல்லி விலையைப் பாதியாக்குவார்கள்.

புகையைக் கவனியுங்கள். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கலாம். கறுப்பு என்றால் பெட்ரோலோ டீசலோ அளவுக்கு மிஞ்சிப் போகிறது, பெரும்பாலும் சின்ன வேலைதான். வெள்ளைப் புகை விடாமல் வந்து, கூலன்ட்டும் (ரேடியேட்டர் தண்ணீர்) குறைந்துகொண்டே போனால், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்பானைச் சந்தேகப்படலாம். காலையில் முதல் ஸ்டார்ட்டில் கொஞ்ச நேரம் வருவது வெறும் நீராவி, அதற்குப் பயப்பட வேண்டாம். ஆயில் மூடியின் உள்பக்கம் பால் கலந்த காபி மாதிரி படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கலாம். சூடேறும் வண்டியை மட்டும் தொடர்ந்து ஓட்டாதீர்கள். ஹெட் வளைந்துவிட்டால் செலவு எங்கேயோ போய்விடும்.

அப்புறம், உங்கள் காரை வாங்கும் எண்ணம் இல்லாத ஒரு மெக்கானிக்கிடம் கம்ப்யூட்டர் ஸ்கேனும், சிலிண்டரில் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்டும் செய்து, என்ன வேலை, எவ்வளவு ஆகும் என்று எழுதி வாங்குங்கள். எனக்கு விலையை ஏற்றிக் கொடுத்தது அந்த ஒற்றைத் தாள்தான்.

2. கணக்குப் போடுங்கள்

அதே மாடல், அதே வருடம், நன்றாக ஓடும் கார் உங்கள் ஊரில் 1,40,000-க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலைக்கு 45,000. வாங்குபவரின் ரிஸ்க்குக்கு 15,000 விடுங்கள். மீதி 80,000. பேச்சை இதற்கு மேலே தொடங்குங்கள்.

பிளக், காயில், சென்சார் மாதிரி சில ஆயிரத்தில் முடிவதைச் சரி செய்துவிட்டே விற்கலாம். முழு இன்ஜின் வேலை பார்த்து விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. போட்ட காசு அப்படியே திரும்பி வருவது அபூர்வம்.

3. யாரிடம் விற்பது?

பாடி நன்றாக இருந்து இன்ஜின் மட்டும் கெட்டிருந்தால், சொந்த ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் கேளுங்கள். உங்களுக்கு 45,000 ஆகும் வேலையில் கூலி அவருக்குச் சொந்தக் கை, உதிரிபாகமும் அவருக்குக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதனால் அவரால் கூடுதலாகத் தர முடியும். நான்கைந்து ஷெட்டில் விசாரித்தேன். இரண்டாவது ஷெட் சொன்னதைவிட நான்காவது ஷெட் 14,000 அதிகம்.

பாடியும் துருப்பிடித்திருந்தால் அரசிடம் பதிவு பெற்ற ஸ்கிராப் நிலையம்தான் வழி. அவர்கள் தரும் சான்றிதழைக் காட்டினால் அடுத்த கார் வாங்கும்போது சாலை வரியில் சலுகை கிடைக்கலாம். சும்மா உடைத்து விற்கும் கடைக்குத் தள்ளிவிட்டால் ஆர்.சி. உங்கள் பெயரிலேயே நிற்கும்.

4. மறைக்காதீர்கள்

புகையை அடக்க கெட்டியான ஆயில் ஊற்றுவது பழைய தந்திரம். வாங்க வரும் மெக்கானிக், ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக்கை இழுத்ததுமே சிரித்துவிடுவார். அவர் வருவதற்கு முன்பே வண்டியைச் சூடாக்கி வைப்பதும் வேண்டாம். வந்ததும் பானட்டைத்தான் தொட்டுப் பார்ப்பார். கோளாறும் செலவும் எழுதி வாங்கிய தாளை நீங்களே எடுத்து நீட்டுங்கள். விலை பேச அவரிடம் பாதி ஆயுதம்கூட மிச்சமிருக்காது.

5. பேப்பர் வேலை

லோன் இருந்திருந்தால் பாக்கி இல்லை என்ற பேங்க் என்.ஓ.சி., ஃபார்ம் 35 கொடுத்து ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவை (எச்.பி.) கேன்சல் செய்துவிடுங்கள். நிலுவை அபராதங்களைக் கட்டுங்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வேண்டும். வெற்று ஃபார்மில் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். வாங்குபவர் பெயரும் தேதியும் எழுதியிருக்க வேண்டும். விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது உங்கள் பொறுப்பு. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

சாவியைக் கொடுப்பதற்கு முன் ஃபாஸ்டாக் கணக்கை மூடிவிடுங்கள். நான் மறந்துவிட்டேன், இரண்டு டோல்கேட்டில் என் பணம் போனது.