கையெழுத்து வாங்கியாயிற்று, அப்புறம்?

கனடாவில் முதற்குடி (அந்த மண்ணின் பூர்வகுடி) இளைஞர்களோடு மனநலத்துக்காக டிஜிட்டல் கதைப் பட்டறை நடத்தக் கிளம்பிய சிலரைப் போன மாதம் பார்த்தேன். ஆளுக்கு மூன்று நிமிடக் காணொளி, சொந்தக் குரல், சொந்தப் படங்கள். முதல் வேலையாக ஒப்புதல் படிவங்களை அடுக்கி வைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மைக், செயலி எல்லாம் தானாகப் பழகிவிடும், அதை விடுங்கள். சறுக்கும் இடங்கள் வேறு, அவை இதோ.

முதல் நாளே ஒப்புதல்

இன்னும் பிறக்காத கதைக்கு எப்படிச் சம்மதிப்பது? பதினேழு வயதுப் பெண் ஒருத்தி, பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளியில் பாட்டி பட்டதைக் கதையாக்கினாள். கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டதே 1990களில்தான், அதனால் பல வீடுகளில் அது இன்னும் ஆறாத புண். நிதி கொடுத்தவர்கள் கேட்டார்கள், நான் அனுப்பிவிட்டேன். அவர்கள் ஒரு விழாவில் திரையிட்டார்கள். பெற்ற பிள்ளைகளிடமே பாட்டி சொல்லாத விஷயம் அது. எடுத்துவிடுங்கள் என்றாள் அந்தப் பெண். என் பிரதியை அழிக்க ஐந்து நிமிடம் ஆனது. அவர்களோ, "படிவத்தில் கையெழுத்து இருக்கிறதே" என்றார்கள். அடுத்த பட்டறைக்கு அவள் வரவில்லை. இன்றும் அந்தப் படிவத்தை நினைத்தால் எரிச்சல்தான், என் மேலேயே.

முதற்குடிகள் தங்கள் தகவல்களுக்கு நான்கு விதிகள் வைத்திருக்கிறார்கள்: உரிமை, கட்டுப்பாடு, அணுகல், கைவசம். கைவசத்தைத்தான் நான் கோட்டைவிட்டேன். கோப்பு யாரிடம் இருக்கிறதோ, கடைசிப் பேச்சும் அவரிடம்தான். இப்போது மூன்று முறை கேட்கிறேன்: தொடங்கும்போது, முடிந்த காணொளியைக் குடும்பத்தோடு பார்த்தபின், ஆறு மாதம் கழித்து. மூலக்கோப்பு ஊரிலேயே இருக்கும், என்னிடம் பிரதி கிடையாது. நிதி கொடுப்பவர்களுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு மட்டும். முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். கிழக்குக் கனடாவின் லாப்ரடாரில் ரிகோலெட் என்ற சின்ன ஊர், இனுயிட் என்ற இன்னொரு பூர்வகுடியினரின் ஊர், 2009-இல் தனக்கென்று கதைக்கூடமே அமைத்துக்கொண்டது. அந்த வசதி இருந்தால் என்னைப் போன்றவர்கள் கோப்பைத் தொடவே வேண்டாம்.

வலியைத் தோண்டுவது

மனநலப் பட்டறை என்றதும் சோகத்தைத்தான் கேட்கிறார்கள். ஒரு பையன் மாமாவோடு ஸ்னோமொபைலை (பனியில் ஓட்டும் வண்டி) பழுதுபார்த்ததைச் சொன்னான். பாதிக் காணொளி மாமாவின் திட்டுதான். அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஊர்ப் பெரியவர் இல்லாத அறை

நடத்தாதீர்கள்.

பருவம் தவறிய கதை

முதற்குடிகளில் ஒரு பிரிவான அனிஷினாபே மக்களிடம் பனிக்காலத்தில் மட்டுமே சொல்லும் கதைகள் உண்டு. ஜூலையில் மைக்கை நீட்டாதீர்கள்.

உருக்கமான பின்னணி இசை

இளைஞர்கள் தாங்களாகக் கேட்டால் மட்டும்.