மொறிஸ் மைனரை வீட்டில் திருத்துகிறவர்கள் விடும் பிழைகள்

வன்னியில் இன்னும் சில வளவுகளில், புளிய மரத்தடியிலோ கிடுகுக் கொட்டிலிலோ, மொறிஸ் மைனர் என்ற பழைய இங்கிலாந்துக் கார் ஒன்று நிற்கிறது. சில்லு மண்ணுக்குள் இறங்கிவிட்டது, சீற்றில் கோழி அடை கிடக்கிறது, ஆனாலும் விற்க மனம் வராமல் வைத்திருக்கிறார்கள். அதை எழுப்பி ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படும் இளம் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். அவர்களோடு பேசினால் முதலில் என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்பார்கள். அப்புறம் எஞ்சின். பிறேக்கைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை. கிளிநொச்சியில் எங்கள் வீட்டு 1958 மைனரைத் திருத்த மூன்று வருடம் எடுத்தது. நானும் அதே வரிசையில்தான் தொடங்கினேன், அதனால் ஒன்றரை வருட வேலையைத் திரும்பச் செய்தேன். தகரம், சில்லு, பிறேக், பிறகு எஞ்சின், கடைசியில் நிறம் என்று கீழேயிருந்து மேலே வர வேண்டும்.

மைனர் பார்வைக்குச் சாதுவான கார்தான். ஆனால் 1948இல் அலெக் இசிகோனிஸ் இதை வடிவமைத்து வெளிவிட்டபோதே இதன் ஸ்டியரிங் அந்தக் காலத்து மற்றக் கார்களைவிடக் கூர்மையாக இருந்தது. பத்து வருடம் கழித்து வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் கார் மைனரின் ஸ்டியரிங்கைத்தான் எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்து மைனரிலும் ஸ்பிறைற்றிலும் 948 சி.சி. எஞ்சின், ஒரே குடும்பம். ஆகவே மைனரை இன்னும் விறுவிறுப்பாக ஆக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

முதலில் உயிர் போகக்கூடிய பிழை. காரை ஜக்கில் உயர்த்தி, சீமெந்துக் கல்லை அடுக்கி, கீழே படுத்து வேலை செய்கிறார்கள். உள்ளே ஓட்டை உள்ள அந்தக் கல் சொல்லிக்கொள்ளாமல் நொறுங்கும். எங்கள் மணல் தரையில் ஜக் ஒரு பக்கமாகப் புதையும். நான் பாவித்தது, ஒரே உயரத்துக்கு அறுத்த பனங்குற்றிகள். அடியில் அகலப் பலகை, கழற்றிய சில்லுகளையும் காருக்கு அடியில் தள்ளிவிட்டேன். கார் விழுந்தாலும் சில்லு தாங்கும்.

அடுத்தது கறள். மைனருக்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது, உடல்தான் சேசிஸ். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகரம், ஜக் வைக்கும் இடம், கியர்பெட்டிக்குக் கீழே குறுக்காகப் போகும் பகுதி, பின் வில் பூட்டும் இடம், இவைதான் காரைத் தூக்கிப் பிடிக்கின்றன. வாங்கப் போனால் ஒரு ஸ்குறூ ட்ரைவரும் துணியில் சுற்றிய காந்தமும் கொண்டு போங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் இருப்பது தகரமல்ல, ஓட்டையை மறைக்கப் பூசிய புட்டிப் பசை. எங்கள் காரின் டிக்கியில் செல் துண்டு பட்ட எட்டுத் துளைகள். நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பிய பிறகு ஒருவரிடம் கொடுத்து அடைத்தோம். அவர் தகரம் வைக்காமல் புட்டியால் நிரப்பி மேலே நிறம் அடித்துக் கொடுத்துவிட்டார். இரண்டு மாரி போனது. நான் விரலால் அழுத்தியபோது ஒவ்வொரு துளையின் புட்டியும் ஐந்து சத நாணயத்தின் அளவுக்குக் கழன்று கையோடு வந்தது. நல்ல தகரம் தெரியும்வரை வெட்டி, அதே தடிப்பில் புதுத் துண்டு வைத்து வெல்டிங்கில் ஒட்டுவதைத் தவிர வேறு குறுக்கு வழி இல்லை.

இரண்டு பக்கப் பெட்டித் தகரத்தையும் ஒரே நாளில் வெட்டாதீர்கள். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்பு பிடித்து, ஒரு பக்கத்தை முடித்து, கதவு சரியாகப் பூட்டுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுபக்கம். கூரையை வெட்டித் திறந்த கார் ஆக்குவோம் என்கிற யோசனையையும் கேட்டிருக்கிறேன். தயவு செய்து வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து வந்த திறந்த மைனர்களுக்கு அடியில் மேலதிக இரும்பு வைத்துப் பலப்படுத்தியிருந்தார்கள். கூரைக் காரில் அது இல்லை. வெட்டினால் நடுவில் தொய்ந்து, கதவு திறக்காது.

பெற்றோல் தாங்கி டிக்கித் தரைக்குக் கீழே இருக்கிறது. பின் பக்கம் வெல்டிங் வேலை என்றால் தாங்கியைக் கழற்றி வளவின் மறு மூலைக்குக் கொண்டு போய் வையுங்கள். காலியான தாங்கி நிறைந்த தாங்கியைவிட ஆபத்து, ஆவி உள்ளே நிற்கும்.

முன் சில்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மைனரின் முன் சில்லைத் தாங்கும் நிலைக்கம்பி மேலேயும் கீழேயும் மரை உள்ள மூட்டில் திரும்புகிறது. அந்த மரைக்குக் கிறீஸ் போகாவிட்டால் தேயும். தேய்ந்தால் ஒரு நாள் வளைவிலோ பள்ளத்திலோ கழன்று, சில்லு காருக்கு அடியில் மடிந்துவிடும். செம்மண்ணும் நெல் வயல் சேறும் கிறீஸ் நிப்பிளை அடைத்துவிடுகின்றன. கிறீஸ் அடிக்கும் துப்பாக்கியை வைத்து அழுத்தினால் கிறீஸ் வெளியே வழிகிறதே தவிர உள்ளே போவதில்லை, நாமும் போட்டுவிட்டோம் என்று நினைக்கிறோம். நிப்பிளைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். பழைய கறுப்புக் கிறீஸ் மூட்டின் ஓரத்தால் பிதுங்கி வந்து, பின்னால் புதுக் கிறீஸ் தெரியும்வரை அழுத்துங்கள். காரை உயர்த்திச் சில்லை மேலும் கீழுமாக ஆட்டும்போது 'டக்' என்று சத்தம் கேட்டால் மூட்டை மாற்றாமல் ரோட்டுக்கு எடுக்கக் கூடாது.

பிறேக் ஒயில் சிலிண்டர் சாரதியின் காலுக்குக் கீழே, தரைக்குள் மறைந்திருக்கிறது. கம்பளத்தைத் தூக்கினால்தான் மூடி தெரியும். அதனால் மறந்துபோவார்கள், நினைவு வந்தவர்களும் கையில் கிடைத்த எஞ்சின் ஒயிலை ஊற்றிவிடுவார்கள். ரப்பர் ஊதிப் பிறேக் இறுகிவிடும். இந்தச் சிலிண்டரைக் கழற்றும்போது பக்கத்தில் ஓடும் டோர்சன் கம்பி (முன் சில்லுக்கு வில்லாக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) மறித்துக்கொண்டு போல்ட் வெளியே வராது. கம்பியைத் தளர்த்தி எடுங்கள். திரும்பப் பூட்டும்போது போல்டை மறுபக்கமாகப் போட்டால் அடுத்த முறை இந்தக் கஷ்டம் இல்லை. சில்லுக்குள் இருக்கும் பிறேக் டிரம்மின் தூசியைக் காற்று அடித்து ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். ஈரத் துணியால் துடையுங்கள்.

இதெல்லாம் முடியாமல் பெரிய எஞ்சின் போடுவதுதான் இப்போது அதிகம் நடக்கிறது. 948 எஞ்சினின் வலு 37 குதிரை. அதற்கு ஏழு அங்குல முன் டிரம் போதும். பழைய ஜப்பான் எஞ்சினைப் போட்டு வலுவை இரட்டிப்பாக்கி, அதே டிரம்மோடு ஏ9 வீதியில் ஏறினால், மாங்குளத்துக்கு அங்கால் மாடு குறுக்கே வரும்போது என்ன செய்வது? குறைந்தது 1962க்குப் பிந்திய 1098 சி.சி. மைனரின் எட்டு அங்குல முன் பிறேக்கையாவது முதலில் மாற்றுங்கள். எஞ்சின் மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து புத்தகத்திலும் மாற்ற வேண்டும். காருக்குப் புத்தகமே இல்லையென்றால் வாங்க வேண்டாம்.

பழைய எஞ்சினையே வைப்பவர்களுக்கு ஒன்று. யுத்தத்தின்போது பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலத்தில் எங்கள் கார்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். அந்தப் புகை மணம் இப்போதும் எனக்கு அப்பா போட்டிருந்த சேட்டை நினைவுபடுத்தும். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலுக்குள் இறங்கி அதை நீர்க்க வைத்தது, அடியில் கறுப்புக் களி கட்டியது. அப்படிப்பட்ட எஞ்சினுக்குப் புது ஒயிலை ஊற்றி உடனே ஓட்டினால், களி கரைந்து ஒயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். அடிச் சட்டியைக் கழற்றிச் சுரண்டுங்கள். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஒயில் விட்டு, இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, கைக்கம்பியால் மெதுவாகச் சுற்றுங்கள். பற்றறியால் சுற்ற வேண்டாம். எஞ்சின் தலையைக் கழற்றினால் ஈயமில்லாப் பெற்றோலைத் தாங்கும் கடினமான வால்வ் இருக்கையையும் போட்டுவிடுங்கள். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நின்றுவிட்டது.

பற்றறி என்றதும் நினைவுக்கு வருகிறது. மைனரில் பற்றறியின் நேர்முனைதான் உடலில் பூட்டப்பட்டிருக்கும், இப்போதைய வாகனங்களுக்கு நேர்மாறு. பார்க்காமல் ரேடியோவோ போன் சார்ஜரோ பூட்டினால் எரியும்.

நட்டுகள் எல்லாம் அங்குல அளவு. ஓட்டோ திருத்தும் ஸ்பனர் பெட்டியில் உள்ள 13 மி.மீ. அரை அங்குல நட்டில் ஒருமாதிரி நிற்கும். ஏழின் கீழ் பதினாறு அங்குல நட்டில் 12 மி.மீ. போட்டால் மூலை வழுக்கி, பிறகு உளிதான். அங்குல ஸ்பனர் ஒரு செற் முதலில் வாங்குங்கள்.

கடைசியாக நிறம். சோளகம் வீசும் மாதங்களில் அடித்தால் ஈர நிறத்தில் செம்மண் ஒட்டும். மாரியில் அடித்தால் காற்றின் ஈரம் பிடித்து மேற்பரப்பு வெள்ளை பூக்கும். நாங்கள் மாசி மாதக் காலைகளில், கொட்டிலின் தரைக்குத் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு, மூன்று நாளில் அடித்து முடித்தோம். டிக்கியின் எட்டுத் துளைகளில் ஒன்றை மட்டும் ஒட்டவேண்டாம் என்றார் அப்பா. அதன் ஓரத்தைத் தேய்த்து, கறள் பிடிக்காத பூச்சு இரண்டு முறை போட்டு, உள்பக்கம் ரப்பர் மூடி ஒன்று வைத்திருக்கிறோம். மாரிக்கு முன் ஒவ்வொரு வருடமும் அதைக் கழற்றிப் பார்ப்பேன்.