மாணவர் பரிமாற்றம்: படிவத்தில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதாதீர்கள்

அடுத்த தவணையில் பண்டாரவளைக்குப் போகும் பிள்ளைகளின் படிவங்கள் போன வாரம் என் மேசைக்கு வந்தன. பத்து நாட்கள் ஒரு சிங்களக் குடும்பத்தோடு தங்கி, அந்த வீட்டுப் பிள்ளையோடு பள்ளிக்கூடம் போய்வருவார்கள். பிறகு அந்தப் பிள்ளைகள் மட்டக்களப்புக்கு வந்து நம் வீடுகளில் தங்குவார்கள். பதினெட்டுப் படிவங்களில் பதினொன்றில், ‘உடல்நலம், உணவு, சமயம் பற்றி நாங்கள் அறிய வேண்டியவை’ என்ற கட்டத்தில் ஒரே பதில்தான் இருந்தது: ஒன்றுமில்லை. இந்த வேலையைப் புதிதாகப் பொறுப்பெடுத்திருக்கும் இளம் ஆசிரியை அவற்றை அப்படியே கோவையில் கட்டி வைத்திருந்தார். என் முதல் ஆண்டில் நானும் இதையேதான் செய்தேன்.

குடை, சப்பாத்து, கைச்செலவு பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அதையெல்லாம் தாய்மார் பார்த்துக்கொள்வார்கள்.

‘ஒன்றுமில்லை’

அந்த முதல் ஆண்டில், செங்கலடியில் பதுளை வீதிக்குத் திரும்பி, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று மலையேறி, பண்டாரவளைக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கும் ஊர் அது. கல்லடியிலும் கல்முனையிலும் போர்வை இல்லாமல் படுத்துப் பழகிய பிள்ளைகளுக்கு அந்த இரவுக் குளிர் புதியது.

மூன்றாம் நாள் நள்ளிரவில் ஒரு பையனுக்குத் தொய்வு வந்துவிட்டது. அவனுடைய இன்ஹேலர் பையின் அடியில், உடுப்புகளுக்குக் கீழே கிடந்தது. ‘யாருக்கும் காட்டாதே, வருத்தக்காரன் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்’ என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளையும் சொன்ன சொல் தவறாமல், மூச்சுக்குத் திணறிக்கொண்டே அதை எடுக்காமல் கிடந்திருக்கிறான். அந்த வீட்டுத் தாய், பிள்ளை குளிரில் விறைத்துவிட்டான் என்று நினைத்து, அவனைத் தூக்கிக்கொண்டு போய்க் குசினியில் விறகடுப்புக்குப் பக்கத்தில் இருத்தி நெருப்பை மூட்டியிருக்கிறார். புகை பட்டதும் இழுப்பு இன்னும் கூடிவிட்டது. பக்கத்து வீட்டாரின் முச்சக்கர வண்டியில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டு போனார்கள்.

விடிந்ததும் அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: “நான் தெரியாமல் பிள்ளையைப் புகைக்குள் இருத்திவிட்டேன். ஏன் எங்களிடம் சொல்லவில்லை?” என்னுடைய அரைகுறைச் சிங்களத்தில் அதற்குப் பதில் வரவில்லை. தமிழில் கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இல்லை.

பையன் தேறிவிட்டான். ஆனால் அந்தக் குடும்பம் பிறகு எந்தப் பிள்ளையையும் ஏற்கவில்லை. கதை தெருவெல்லாம் பரவி, இன்னும் இரண்டு வீட்டார் பின்வாங்கினார்கள். மறு ஆண்டு நம்முடைய மூன்று பிள்ளைகளுக்குத் தங்க வீடில்லை. பெயர் கொடுத்துக் காத்திருந்த அந்த மூவரிடமும் ‘இந்த முறை இல்லை’ என்று சொன்னவள் நான்தான்.

திரும்பி வந்து பையனின் தாயைக் கண்டபோது, “உண்மையைச் சொன்னால் பிள்ளையை எடுக்க மாட்டீர்கள் என்று பயந்துவிட்டோம், ரீச்சர்” என்றார். அவரைக் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை. தொய்வு இருந்தாலும் பிள்ளை போகலாம், விறகடுப்பு இல்லாத வீடாகப் பார்த்து விடுவோம் என்று நான் அவருக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். படிவத்தை நீட்டினேன், வாங்கினேன், கோவையில் போட்டேன்.

ஆகவே புதிதாகப் பொறுப்பெடுப்பவர்கள் முதலில் பெற்றோரை இருத்தி வைத்து, வருத்தம் இருப்பதற்காக எந்தப் பிள்ளையையும் நிறுத்த மாட்டோம் என்று வாயால் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இரவில் இருமுவானா? நாளாந்தம் எடுக்கும் குளிசை உண்டா? எதைத் தின்றால் உடம்பு தடிக்கும்? நித்திரையில் எழுந்து நடப்பாளா? மாதவிடாய் வயிற்றுவலிக்கு வீட்டில் என்ன கொடுப்பீர்கள்? ‘ஏதாவது உண்டா’ என்று மொத்தமாகக் கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் வரும். இப்படிப் பிரித்துக் கேட்டால் தாய்மார் தாமாகவே சொல்வார்கள். 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்தை ஒவ்வொரு பிள்ளையின் கொப்பியிலும் எழுதுவியுங்கள்.

உணவிலும் இதே கதைதான். ‘மரக்கறி மட்டும்’ என்று எழுதினால் போதாது. சிங்கள வீடுகளில் சம்பலுக்கும் பருப்புக்கும் மாசி போடுவது வழக்கம். அது அவர்களுக்கு உப்பு, புளி மாதிரி. மீன் என்றே கணக்கில் வராது. வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கும் ஒரு பிள்ளை அப்படி எழுதிவிட்டுப் போய், அன்று முழுவதும் வெறும் பாணைத் தேநீரில் தோய்த்துத் தின்றாள். வீட்டாருக்குக் காரணமே தெரியவில்லை. மாசி, கருவாடு, முட்டை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதுங்கள். முஸ்லிம் பிள்ளைகள் ‘ஹலால்’ என்ற சொல்லோடு நிறுத்தாமல், இறைச்சி வேண்டாம், மீனும் மரக்கறியும் போதும் என்று விளக்கினால் சமைப்பவருக்குச் சுகம்.

‘போன இடத்தில் கரைச்சல் கொடுக்காதே’ என்று சொல்லி அனுப்புவதை தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த ஒரு வசனத்தைக் கேட்டால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. பசித்தாலும் நொந்தாலும் பிள்ளை வாய் திறக்காமல் இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

சிநேகிதியும் நானும் ஒரே வீட்டில்

கேட்காதீர்கள். பத்து நாளும் தமிழில் கதைத்துவிட்டு வருவீர்கள்.

சிங்களம் படித்திருக்கிறோம் என்று நம்பிப் போவது

நம் பிள்ளைகள் தரம் 6 முதல் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கிறார்கள். எழுத்துக் கூட்டி வாசிப்பார்கள். சோற்றுக் கோப்பைக்கு முன்னால் அது உதவாது. இன்னும் போட வரும்போது ‘எப்பா’ என்கிறார்கள். பொருள் சரிதான், ஆனால் ‘வேண்டாம்’ என்று முகத்தில் அறைந்த மாதிரிக் கேட்கும். ‘எத்தி’, அதாவது ‘போதும்’, என்று சொல்லப் பழக்குங்கள். ‘தாத்தா’ என்ற சொல்லையும் முன்கூட்டியே விளக்குங்கள். சிங்களத்தில் அது அப்பா. நமக்கு அது பாட்டன், காத்தான்குடி முஸ்லிம் பிள்ளைக்கோ மூத்த சகோதரி. நாற்பது வயது மனிதரை அப்படிக் கூப்பிடப் பிள்ளைகள் கூச்சப்பட்டு, கடைசிவரை எப்படியும் கூப்பிடாமலே வந்துவிடுகிறார்கள். அந்த மனிதர் பத்து நாளும் காத்திருந்திருப்பார்.

தரம் 11இல் போவது

வேண்டாம். சாதாரண தரப் பரீட்சை இருக்கிறது.

தயிர்ச் சட்டி

போகும் வீட்டுக்குப் பரிசாக அதைக் கட்டிக் கொடுக்காதீர்கள், பசறை மலைப்பாதை வளைவுகளை அது தாங்காது. மருதமுனைக் கைத்தறியில் ஒரு சாரம் கொண்டு போங்கள்.

அவர்கள் நம்மிடம் வரும்போது

கார்த்திகை, மார்கழியில் அழைக்காதீர்கள். வெள்ளம் வந்தால் பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்க வேண்டியதுதான்.

வந்த பிள்ளையை விருந்தாளியாக நாற்காலியில் இருத்திவிடுவது நம் ஊரின் பெருந்தன்மை. ஆனால் பிள்ளை தனித்துப் போகிறது. தேங்காய் துருவக் கொடுங்கள், கடைக்குக் கூட அனுப்புங்கள். உங்கள் பிள்ளை செய்வதையெல்லாம் அதுவும் செய்யட்டும்.

அவர்களுடைய படிவங்களிலும் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் இருக்கும். வாவி இறாலையும் நண்டையும் அடுப்பில் ஏற்றுவதற்கு முன், அது ஒத்துக்கொள்ளுமா என்று அந்தத் தாய்க்கு ஒரு அழைப்பு எடுத்துக் கேளுங்கள். சிங்களம் வராதவர்கள் என்னிடம் வாருங்கள், நான் கேட்டுச் சொல்கிறேன். அந்தப் பதினொரு படிவங்களும் சனிக்கிழமை கூட்டத்தில் பெற்றோரிடமே திரும்பி வருகின்றன. பேனாவோடு வாருங்கள்.