பூங்கா திறப்பது லேசு: சபையும் தனியாரும் சேரும்போது நடக்கும் தவறுகள்

வட்டாரத்தில் ஒரு காணி சும்மா கிடக்கிறது. பூங்கா அமைக்க உள்ளூராட்சி சபையிடம் காசில்லை. ஊரிலுள்ள வங்கிக் கிளையோ, கடைக்கார முதலாளியோ, வெளிநாட்டில் இருக்கும் ஊரவரோ தர ஆயத்தம். "காணி எங்கட, காசு உங்கட" என்று பேசி முடித்து, அடுத்த கிழமையே திறப்பு விழாவுக்கு நாள் பார்க்கிறார்கள். துருப்பிடித்த ஊஞ்சலும் பூட்டிய மலசலகூடமுமாக முடியும் பூங்காக்களில் பெரும்பாலும் குறை காசில் இருப்பதில்லை. திறப்பு விழாவுக்கு அடுத்த நாள் யார் என்ன செய்வார் என்று எவரும் எழுதி வைக்காததே குறை.

முதலில் காணி. சும்மா கிடப்பதெல்லாம் சபைக் காணி அல்ல. சிலது பிரதேச செயலாளர் பொறுப்பிலுள்ள அரச காணி, சிலது வடிகான் ஒதுக்கம், சிலது உரிமையாளர் கனடாவில் இருக்கும் தனியார் உறுதிக் காணி. கிராம உத்தியோகத்தர் வாயால் "பிரச்சினை இல்லை" என்று சொல்வதை நம்பி மதில் கட்டாதீர்கள். நில அளவைப் படமும் எழுத்துமூல ஒப்படைப்பும் கையில் இருக்க வேண்டும். பலர் மறந்துவிடும் ஒரு வழியும் உண்டு. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1986 ஆம் ஆண்டு விதிகளின்படி, 1 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாக்கும்போது வீதிகள் போக 10 சதவீதத்தைப் பொதுத் தேவைக்கும் பொழுதுபோக்குக்கும் ஒதுக்க வேண்டியிருந்தது. உங்கள் பக்கத்துக் குடியிருப்புத் திட்டத்தின் வரைபடத்தில் அப்படி ஒரு துண்டு இருக்கிறதா என்று சபையில் கேட்டுப் பாருங்கள். யாராவது அதில் மரக்கறித் தோட்டம் போட்டிருக்கவும் கூடும்.

கிழக்குக் கரையோரத்தில் கல்லடி, காத்தான்குடி, மருதமுனை போன்ற இடங்களில் இன்னொரு கதவையும் தட்ட வேண்டும். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டப்படி, கடலின் உயர்நீர் எல்லையிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம். கடலோடு தொடுத்த வாவி, ஆறுகளில் முகத்துவாரப் பக்கமாக அது 2 கிலோமீற்றர் வரை உள்ளே வரும். அனுமதி எடுக்காமல் போட்ட சீமெந்துத் தளத்தை உடைக்கச் சொன்னால் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதைப் பற்றி நன்கொடையாளருக்கு முன்பே தெரிந்திருப்பது நல்லது.

அடுத்தது எங்கள் காலநிலை. கொழும்பில் பார்த்த பூங்காவை இங்கே அப்படியே இறக்குவது எனக்குப் பிடிக்காத தவறு. கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் நிற்கும் பள்ளத்தை மே மாதத்தில் போய்ப் பார்த்தால் மைதானம் மாதிரித்தான் தெரியும். ஒரு மாரி முழுக்கக் கவனித்த பிறகு வரைபடம் போடுங்கள். நிலத்தை உயர்த்துவதென்றால், தண்ணீர் அடுத்த வளவுக்குள் திரும்புமா என்று அந்த வளவுக்காரரைக் கேளுங்கள். எந்தப் பொறியியலாளரையும்விட அவருக்குத் தெரியும். புல்தரை அழகுதான். ஆனால் ஆடி, ஆவணியில் கச்சான் அடிக்கும்போது அதற்கு நாளும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். கரையோர மணலுக்குப் பூவரசு, புங்கை, வேம்பு. கரையிலிருந்து உள்ளே தள்ளிய இடங்களுக்கு மருது, நாவல். மாரி தொடங்கும்போது நட்டு, முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதுங்கள். உப்புக் காற்றில் வெறும் பெயின்ற் அடித்த இரும்பு நிற்காது. கல்வனைஸ் செய்த குழாய் கேளுங்கள். பழைய ரயர்களுக்கு நிறம் பூசி இருக்கை செய்வதென்றால் தண்ணீர் தேங்காதபடி அடியில் துளை போடுங்கள். இல்லாவிட்டால் டெங்குக் குடம்பி பிடிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்தான் முதல் விருந்தாளி.

இனி ஒப்பந்தம். பெரும்பாலும் இது ஒரு பக்கக் கடிதமாகவே இருக்கும். கிளை முகாமையாளருக்கு இடமாற்றம் வந்தால் அவருடைய வாக்குறுதியும் அவரோடு போய்விடும். ஆகவே கையொப்பம் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். சபைப் பக்கமும் தவிசாளரின் சொந்த வாக்காக இல்லாமல் சபைத் தீர்மானமாகப் பதிவாகட்டும். 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே மாதத் தேர்தல் வரை தெரிவான உறுப்பினர்கள் இல்லாமலே பெரும்பாலான சபைகள் இயங்கின. வாய்ப்பேச்சில் நின்ற ஏற்பாட்டை அந்தக் காலத்தில் யாரிடம் போய்க் கேட்பது?

மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம், காவலாளி, மலசலகூடத் திறப்பு (சாவி): இந்த நான்கும் யாருடையவை என்று தனித்தனியாக எழுத வேண்டும். சபை ஏற்பதென்றால் அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அதற்கென ஓர் ஒதுக்கீடு இருக்க வேண்டும். வரவுசெலவுத் திட்டம் ஜனவரிக்கு முன் நிறைவேறிவிடும் என்பதால் பெப்ரவரியில் போய்க் கேட்டுப் பலனில்லை. சூரிய மின்விளக்கு போட்டால் செலவே இல்லை என்பார்கள். பற்றரி மாற்றும் செலவை யாரும் சொல்வதில்லை. நிறுவனத்துக்குத் தேநீர்க் கடை நடத்த இடம் கொடுப்பதென்றால் கடைக்கு மட்டும், குறித்த காலத்துக்குக் கொடுங்கள். பூங்கா முழுவதையும் குத்தகைக்கு விட்டால் நாளைக்கு வாசலில் ரிக்கற் கிழிப்பார்கள்.

பெயர்ப் பலகை கேட்பது நியாயம். ஆனால் அதன் அளவும் இடமும் ஒப்பந்தத்தில் வரட்டும். மதுபான, சிகரெட் நிறுவனங்களின் விளம்பர அனுசரணையை 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. சிறுவர் பூங்காவில் சொல்லவே வேண்டியதில்லை.

ஊராரைக் கேட்கும் கூட்டம் இரவு எட்டு மணிக்குக் கோயில் மண்டபத்தில் நடந்தால் விளையாட்டுக் கழகப் பொடியன்கள்தான் வருவார்கள், கரப்பந்துத் திடல் வரும். பின்னேரத்தில் மாதர் சங்கத்தையும் கேளுங்கள்; வெளிச்சம், மறைவில்லாத இருக்கை, சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் பற்றி அங்கேதான் பேச்சு எழும்.

கடைசியாகக் கையளிப்பு. ஊஞ்சல், விளக்கு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் சபையின் சொத்துப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாத பொருளைத் திருத்தச் செலவு செய்தால் கணக்காய்வு கேள்வி கேட்கும் என்று சபை உத்தியோகத்தர்கள் கைவிரிப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பட்டியலைத் திறப்பு விழா அன்றே இரு பக்கமும் கையொப்பமிட்டு வாங்குங்கள். அன்றைக்குத்தான் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பார்கள், பேனையும் கையிலிருக்கும்.